கர்ப்பகால அழற்சியும் குழந்தையின் சுவாசத் தொற்றுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய்க்கு வந்த காய்ச்சல், இழுப்பு, நீடித்த தொற்று ஆகியவை பிறக்கும் குழந்தையின் நோயெதிர்ப்பு ஆற்றலில் தடம் பதிக்குமா என்ற கேள்விக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஓரளவு தெளிவான விடைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் சில சுண்டெலிகளிடமிருந்தும் சில கர்ப்பிணிகளிடமிருந்தும் வந்தவை. எது எங்கிருந்து வந்தது என்பதைப் பிரித்துச் சொல்லாமல் எழுதப்படும் கட்டுரைகளே வீண் பயத்தைக் கிளப்புகின்றன என்பதால், இங்கே ஒவ்வொரு விடையிலும் அந்த வேறுபாடு சுட்டிக்காட்டப்படுகிறது.

அழற்சி என்றால் என்ன? காய்ச்சலும் அழற்சியும் ஒன்றுதானா?

முள் குத்திய விரல் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதுதான் அழற்சியின் எளிய வடிவம். கிருமியோ காயமோ புகையோ உடலைத் தாக்கும்போது வெள்ளணுக்கள் அங்கே விரைந்து கூடுகின்றன. அவை ஒன்றையொன்று அழைப்பதற்கு சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களை வெளியிடுகின்றன. அந்தப் புரதங்கள் இரத்தத்தில் மிகும்போது மூளை உடலின் வெப்பநிலையை உயர்த்துகிறது, அதையே காய்ச்சல் என்கிறோம். ஆக, காய்ச்சல் அழற்சியின் ஓர் அறிகுறி மட்டுமே. உடல் பருமன், கட்டுப்படாத ஆஸ்துமா, புகைப்பழக்கம் போன்றவற்றில் காய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்கில் மெல்லிய அழற்சி நீடிப்பதுண்டு. குழந்தையைப் பொறுத்தவரை, மூன்று நாள் காய்ச்சலைவிட இந்தச் சத்தமில்லாத வகையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கர்ப்பமே ஒரு வகை அழற்சிதான் என்கிறார்களே?

அது பாதி உண்மை. கரு கருப்பைச் சுவரில் பதியும் தொடக்க வாரங்களில் அங்கே அளவான அழற்சி தேவைப்படுகிறது, பிரசவ வலி தொடங்குவதற்கும் அது தேவைப்படுகிறது. இடைப்பட்ட மாதங்களில் தாயின் உடல் அழற்சியை அடக்கியே வைத்திருக்கிறது. பாதி தந்தையின் மரபணுக்களைக் கொண்ட கருவை அயலான் என்று விரட்டாமலிருக்க இந்த அடக்கம் உதவுகிறது.

இந்த அடக்கம் கருவின் இரத்த உற்பத்தி வரை நீள்கிறது என்பதை 2024இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வு காட்டியது. கருவின் கல்லீரலில் உள்ள இரத்தக் குருத்தணுக்களை, அதாவது இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மூல செல்களை, தனியே எடுத்து ஆய்வகத் தட்டில் வைத்து அழற்சிக் குறிப்பைக் கொடுத்தால், அவை வெள்ளணுக்களின் அவசர உற்பத்தியில் இறங்குகின்றன. கருப்பைக்குள் இருக்கும்போது அதே குறிப்பு வந்தாலும் அவை அடங்கியே இருக்கின்றன, ஏனெனில் தாயிடமிருந்து வரும் இன்டர்லூகின்-10 என்ற புரதம் அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தப் புரதத்தைத் தாயிடம் இல்லாமல் செய்தபோது தடை நீங்கியது. ஆனால் கருக்கள் இறந்தன.

தாய்க்கு வந்த கிருமி நேராகக் குழந்தையிடம் போகிறதா?

பெரும்பாலான சுவாச வைரஸ்கள் போவதில்லை. இன்ஃப்ளுயன்சாவும் கொரோனா வைரஸும் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைத் தொற்றுவது அரிது. ஆனால் கிருமி போகாவிட்டாலும் அதைப் பற்றிய செய்தி போய்விடுகிறது. தாயின் இரத்தத்தில் உள்ள அழற்சிப் புரதங்கள் நஞ்சுக்கொடியின் செல்களைத் தூண்ட, அவை தங்கள் பங்குக்குப் புரதங்களைச் சுரக்கின்றன. கருவுக்குப் போகும் இரத்த ஓட்டம், ஆக்சிஜன், சத்துகள், தாயின் மனஅழுத்த ஹார்மோன் ஆகியவற்றின் அளவும் மாறுகிறது. பனிக்குடச் சவ்வே தொற்றுக்கு உள்ளாகும் நிலையில் மட்டும் கதை வேறு: அங்கே கரு அழற்சிப் பொருள்கள் கலந்த பனிக்குட நீரையே விழுங்குகிறது, நுரையீரலுக்குள்ளும் அது சென்று வருகிறது.

பிறந்த குழந்தைக்கு ஏன் சளித் தொற்றுகள் இவ்வளவு ஆபத்தாகின்றன?

முதல் காரணம் உடற்கூறு. கைக்குழந்தையின் நுண் மூச்சுக்குழல்கள் மிகக் குறுகியவை; பெரியவர்களுக்கு மூக்கொழுகலோடு முடியும் வீக்கம் அங்கே காற்றுப் பாதையையே அடைத்துவிடும். இரண்டாவது காரணம் அனுபவமின்மை. வைரஸ் நுழைந்ததும் முதலில் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கை மணி இன்டர்ஃபெரான் என்ற புரதம். பச்சிளம் குழந்தையின் செல்கள் அதைப் பெரியவர்களைவிடக் குறைவாகவே சுரக்கின்றன.

இந்த இரண்டையும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் வைரஸ் ஆர்.எஸ்.வி. (ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ்). அது 1956இல் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் முதலில் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே குழந்தைகளிடமும் காணப்பட்டது. இரண்டு வயதாவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அது ஒருமுறையாவது தொற்றிவிடுகிறது. 2019ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, 5 வயதுக்குட்பட்டோரிடம் சுமார் 3.3 கோடி கீழ்ச்சுவாசத் தொற்றுகளுக்கும் (மூச்சுக்குழல், நுரையீரல் தொற்றுகள்) சுமார் 1 லட்சம் இறப்புகளுக்கும் அது காரணமானது. இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஆறு மாதம்கூட நிறையாத குழந்தைகள். இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்ந்தவை.

கருவில் நடந்த ஒன்று பிறந்து பல மாதங்களுக்குப் பிறகு எப்படி வெளிப்பட முடியும்?

விடை நுரையீரலின் காவல் செல்களில் இருக்கிறது. நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் குடியிருக்கின்றன. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் விழுங்குவதும், வைரஸைக் கண்டால் இன்டர்ஃபெரானைச் சுரந்து மற்ற செல்களை எழுப்புவதும் அவற்றின் வேலை. சுண்டெலிகளில் இந்தச் செல்கள் கருவின் கல்லீரலில் உருவாகும் முன்னோடிகளிலிருந்து வந்து, பிறந்த முதல் சில நாட்களுக்குள் காற்றுப்பைகளில் குடியேறுகின்றன. அதன்பின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பெரிதாக ஆள் சேர்க்காமல், தாமே பிரிந்து பெருகித் தங்கள் எண்ணிக்கையைக் காத்துக்கொள்கின்றன. நாற்றங்காலில் பயிருக்கு நேர்ந்தது நடவு வயலிலும் தெரியும் என்பது விவசாயிக்குத் தெரிந்த செய்தி. இங்கும் அதுவே நடக்கிறது. முன்னோடி செல் கல்லீரலில் இருந்தபோது பட்ட அடி, குடியேறிய செல்லின் நடத்தையில் தெரிகிறது.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள். 2021இல் வெளியான அவர்களது ஆய்வில், சினைப்பட்ட சுண்டெலிகளுக்கு இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸ் கொடுக்கப்பட்டது. பிறந்த குட்டிகளுக்கு அதற்கு முற்றிலும் வேறான கிருமிகள் கொடுக்கப்பட்டன: இன்ஃப்ளுயன்சா பி வைரஸ் ஒன்று, மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா மற்றொன்று. தொற்றுக்குள்ளான தாயின் குட்டிகள் வளர்ச்சி குன்றியிருந்ததோடு இரண்டு கிருமிகளுக்கும் எளிதில் பணிந்தன. காற்றுப்பை மேக்ரோஃபேஜ்கள் கிருமியை அகற்றும் திறனை இழந்திருந்தன. அடுத்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது: நலமான தாய்க்குப் பிறந்த குட்டிகளிடமிருந்து இதே செல்களை எடுத்து, பாதிக்கப்பட்ட குட்டிகளின் நுரையீரலில் விட்டபோது, அந்தக் குறை ஓரளவு நீங்கியது. குறை அந்தச் செல்லில் இருக்கிறது என்று அனுமானிப்பதற்கும் அதை மாற்றி வைத்துக் காட்டுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

அப்படியானால் எந்த அழற்சியும் இதே விளைவைத் தருமா?

தராது. அதே ஹாம்பர்க் ஆய்வில், சில தாய் எலிகளுக்கு வைரஸுக்குப் பதிலாக, வைரஸின் மரபுப் பொருளைப் போல நடிக்கும் பாலி ஐ:சி என்ற செயற்கைப் பொருள் செலுத்தப்பட்டது. அதுவும் அழற்சியைக் கிளப்பும். இருந்தும், அந்தத் தாய்களின் குட்டிகளைவிட, உண்மையான தொற்றுக்கு உள்ளான தாய்களின் குட்டிகளே அதிகம் பாதிக்கப்பட்டன. ஆக, பல நாள் நீடிக்கும் நோயும் அதனோடு வரும் பசியின்மையும் நுரையீரல் சேதமும் சேர்ந்து செய்வதை ஓர் ஊசியின் சிறு அழற்சி செய்வதில்லை.

அதற்காக பாலி ஐ:சி ஒன்றுமே செய்யாது என்றும் சொல்ல முடியாது. வேறொரு சுண்டெலி ஆய்வில், பிறந்த பின் மறைந்துபோக வேண்டிய ஒரு வகைக் கருக்காலக் குருத்தணுக்கள், கர்ப்பத்தின் நடுவில் இப்பொருள் செலுத்தப்பட்டதால் மறையாமல் தங்கின; அவற்றிலிருந்து வந்த சில நோயெதிர்ப்பு செல்கள் அளவுக்கு மீறித் துடிப்பாக இருந்தன. எதிர்ப்பு ஆற்றல் குறைவது ஒரு கேடு என்றால், தேவையில்லாத நேரத்தில் அது பொங்குவது மற்றொரு கேடு. ஆர்.எஸ்.வி. தொற்றில் குழந்தையின் மூச்சை அடைப்பதில் வைரஸுக்கு இணையான பங்கு இந்தப் பொங்கலுக்கும் உண்டு.

கர்ப்பகால அழற்சியால் நன்மையே கிடையாதா?

உண்டு, அதற்கு இரண்டு சான்றுகளைச் சொல்லலாம். அமெரிக்காவில் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் யாஸ்மின் பெல்கைடின் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், சினைப்பட்ட சுண்டெலிகளுக்கு லேசான, தானே தீரும் குடல் தொற்று ஏற்படுத்தப்பட்டது. தாயிடம் உயர்ந்த இன்டர்லூகின்-6 கருவின் குடல் செல்களில் மாற்றத்தைப் பதித்தது. குட்டிகள் வளர்ந்தபின் குடல் தொற்றைச் சிறப்பாக எதிர்த்தன. அந்தப் புரதத்தை மட்டும் ஒரே ஒருமுறை தாய்க்குச் செலுத்தினாலும் அதே விளைவு வந்தது. கூடவே ஒரு விலையும் இருந்தது: அந்தக் குட்டிகளுக்குக் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பும் கூடியது.

இரண்டாவது, மாட்டுத்தொழுவம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையடிவாரப் பண்ணைகளில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவு என்பதும், தாய் கர்ப்பத்தின்போதே தொழுவத்தில் வேலை செய்திருந்தால் அந்தக் காப்பு கூடுதல் என்பதும் பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டவை. தொழுவத்துத் தூசியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவைச் சினைப்பட்ட சுண்டெலிகள் நுகர்ந்தபோது, அவற்றின் குட்டிகள் ஆஸ்துமாவிலிருந்து காக்கப்பட்டன. தாய்க்குக் கிருமியை உணரும் ஏற்பிகள் இல்லாதபோது அந்தக் காப்பு கிட்டவில்லை. அழற்சியின் அளவு, அது வந்த மாதம், நீடித்த காலம், எழுந்த உறுப்பு ஆகிய எல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

எலிகளை விடுங்கள். மனிதர்களிடம் சான்று இருக்கிறதா?

இருக்கிறது, அதில் வலுவானது ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிகளிடமிருந்து வந்தது. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் நீடித்த அழற்சி. கர்ப்பத்தின்போது மூன்றில் ஒரு பங்கினருக்கு அது கூடுகிறது, ஒரு பங்கினருக்குக் குறைகிறது, மற்றவர்களுக்கு அப்படியே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 220 கர்ப்பிணிகளை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு, வழக்கம்போல அறிகுறிகளைக் கேட்டு மருந்து கூட்டியோ குறைத்தோ கொடுக்கப்பட்டது. மற்றக் குழுவினர் ஒரு கருவிக்குள் மூச்சை ஊத, அந்த மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடின் அளவைக் கொண்டு மூச்சுக்குழாய் அழற்சி நேரடியாக மதிப்பிடப்பட்டு, அதற்கேற்ப மருந்து திருத்தப்பட்டது. 2011இல் வெளியான முடிவின்படி, இரண்டாவது குழுவில் ஆஸ்துமா திடீரெனக் கடுமையாகும் நிகழ்வுகள் பாதியாகக் குறைந்தன. அந்தத் தாய்களின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, முதல் ஆண்டில் திரும்பத் திரும்ப நுண் மூச்சுக்குழல் அழற்சி வருவது அவர்களிடம் குறைவாக இருந்தது. 4 முதல் 6 வயதில் ஆஸ்துமா இருந்தவர்கள் அந்தக் குழுவில் 25.9 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 43.2 சதவீதம்.

இங்கே ஒரு தடுமாற்றத்தையும் சொல்ல வேண்டும். தாயின் அழற்சி குறைந்ததால் குழந்தைக்கு நன்மை வந்ததா, தாய்க்கு ஆக்சிஜன் சீராகக் கிடைத்ததால் வந்ததா, மருந்தே கருவின் நுரையீரலில் ஏதேனும் செய்ததா என்பதை இந்த ஆய்வின் வடிவமைப்பால் பிரித்துச் சொல்ல இயலாது. நடைமுறைக்கு அந்தப் பிரிப்பு தேவையில்லை.

இன்ஹேலரை எட்டு மாதத்துக்கு நிறுத்தி வைக்கலாமா? "வாயும் வயிறுமா இருக்கும்போது மருந்து எதற்கு" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து மிகக் குறைந்த அளவிலேயே இரத்தத்தில் கலக்கிறது. கட்டுப்படாத ஆஸ்துமாவோ குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு இரத்தக் கொதிப்பு ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது. கர்ப்பம் உறுதியானதும் தானாக மருந்தை நிறுத்திவிட்டு, ஆறாம் மாதத்தில் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வரும் பெண்கள் அனேகம். மாமியாரோ அம்மாவோ அக்கறையில்தான் சொல்கிறார்கள். அடுத்த பரிசோதனைக்கு அவர்களையும் அழைத்துப்போய், மருத்துவர் வாயாலேயே கேட்கச் செய்வது வீட்டில் வாதிடுவதைவிட எளிது.

தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையைக் காக்கும் என்கிறார்கள். அழற்சி அதையும் கெடுக்குமா?

சில நோய்களில் கெடுக்கிறது. தாயின் இரத்தத்தில் உள்ள ஐஜிஜி எதிர்ப்பொருள்களை நஞ்சுக்கொடியில் உள்ள ஓர் ஏற்பி பிடித்து, கருவின் பக்கம் கடத்திவிடுகிறது. இந்தக் கடத்தல் நான்காம் மாதவாக்கில் மெல்லத் தொடங்கி, கடைசி மூன்று மாதங்களில் வேகமெடுக்கிறது. நிறைமாதக் குழந்தையிடம் தாயைவிடச் சற்று அதிகமாகவே அவை இருப்பதுண்டு. எட்டாம் மாதத் தொடக்கத்தில் பிறந்துவிடும் குழந்தைக்கு ஏறக்குறைய பாதிதான் கிடைத்திருக்கும். அழற்சி குறைப்பிரசவத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதால், காலத்தைச் சுருக்குவதன் மூலமே அது குழந்தையின் கையிருப்பைக் குறைத்துவிடுகிறது.

நேரடிக் கேடும் உண்டு. நஞ்சுக்கொடியில் மலேரியா ஒட்டுண்ணி தங்கும்போதும், நீடித்த தொற்றால் தாயின் இரத்தத்தில் மொத்த ஐஜிஜி அளவு மிகையாகும்போதும், ஆர்.எஸ்.வி. உள்ளிட்ட கிருமிகளுக்கான எதிர்ப்பொருள்கள் குழந்தைக்குக் குறைவாகச் செல்கின்றன என்பது காம்பியாவிலும் பப்புவா நியூ கினியிலும் நடந்த ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. ஏற்பிகளின் எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது. பேருந்தில் இடம் குறைவாக இருக்கும்போது, ஏற வேண்டியவர்களோடு வேண்டாதவர்களும் முண்டியடித்தால் சிலர் நிறுத்தத்திலேயே நிற்க வேண்டியதுதான். எச்.ஐ.வி. தொற்றிலும் இதே குறை காணப்படுகிறது.

விறகடுப்புப் புகையும் அழற்சிதானே? எரிவாயுவுக்கு மாறினால் குழந்தையின் சளித் தொல்லை குறையுமா?

குறைய வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதைச் சோதிக்க குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஹேபின் என்ற பெரிய ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி முழுவதும் தமிழ்நாட்டில், கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் மாவட்ட ஊர்களில் நடைபெற்றது. பாதிப்பேருக்குக் கர்ப்ப காலத்திலிருந்தே எரிவாயு அடுப்பும் உருளையும் இலவசமாகத் தரப்பட்டன. பெண்கள் சுவாசித்த நுண்துகள்களின் அளவு மற்றக் குழுவில் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராமாக இருக்க, எரிவாயுக் குழுவில் 24 ஆகக் குறைந்திருந்தது. ஆனாலும் 2022இல் வெளியான பிறப்பு எடை முடிவிலும், 2024இல் வெளியான கடும் நிமோனியா முடிவிலும் இரு குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இது ஏமாற்றமளிக்கும் முடிவுதான், ஆனால் மறைக்க வேண்டியதில்லை. அடுப்பு மாறினாலும் தெருவின் காற்று மாறுவதில்லை, கர்ப்பத்தின் முதல் மாதங்கள் ஏற்கனவே கடந்திருந்தன என்பன போன்ற விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. அடுப்படியில் குனிந்து ஊதி ஊதிக் கண் எரியும் பெண்ணுக்கு எரிவாயு வேண்டும் என்பதற்கு வேறு ஆயிரம் காரணங்கள் உண்டு. குழந்தையின் நிமோனியாவை அதற்குச் சாட்சியாக இழுக்க இந்த ஆய்வு இடம் தரவில்லை. புகையிலை விஷயத்தில் இத்தகைய தயக்கமே தேவையில்லை. கர்ப்பத்தில் தாய் புகைப்பதும், வீட்டிலுள்ளோர் அவர் அருகே புகைப்பதும் குழந்தைக்குக் கீழ்ச்சுவாசத் தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

உணவால் இதைச் சரிசெய்ய முடியுமா?

ஓரளவு நம்பிக்கை தரும் செய்திகள் இரண்டு உள்ளன. டென்மார்க்கில் 736 கர்ப்பிணிகள் 24ஆவது வாரத்திலிருந்து நாள்தோறும் 2.4 கிராம் மீன் எண்ணெய்க் கொழுப்பையோ வேறு எண்ணெயையோ எடுத்துக்கொண்டனர். 2016இல் வெளியான முடிவின்படி, மீன் எண்ணெய்க் குழுவின் குழந்தைகளிடம் தொடர் இழுப்பும் ஆஸ்துமாவும் 23.7 சதவீதத்திலிருந்து 16.9 சதவீதமாகக் குறைந்தன, கீழ்ச்சுவாசத் தொற்றுகளும் குறைந்தன. அந்தக் கொழுப்பு இரத்தத்தில் ஏற்கனவே குறைவாக இருந்த தாய்களுக்கே பலன் அதிகம். அந்த அளவு சாதாரண உணவில் கிடைப்பதைவிடப் பல மடங்கு கூடுதல் என்பதால், கடையில் வாங்கித் தாமாக விழுங்கக் கூடாது. வாரம் இரண்டு முறை மத்தியோ அயிலையோ சாப்பிடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

மற்றது 2023இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு. நார்ச்சத்துக் குறைந்த உணவுண்ட தாய்களின் குட்டிகளுக்கு, ஆர்.எஸ்.வி.க்கு உறவான ஒரு வைரஸ் தொற்றியபோது நோய் கடுமையாக இருந்தது. அவற்றின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. இன்டர்ஃபெரான் சுரக்கும் ஒரு வகை செல்கள் வளரத் தேவையான புரதமும் குறைந்திருந்தது. பாக்டீரியாக்கள் நார்ச்சத்திலிருந்து தயாரிக்கும் புரோப்பியனேட்டைக் குட்டிகளுக்குக் கொடுத்தபோது நிலை சீரானது. கீரை, பயறு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றை உண்ண இந்த ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அவை எப்படியும் நல்லவை.

தடுப்பூசியும் அழற்சியைத்தானே உண்டாக்குகிறது? அது கருவைப் பாதிக்காதா?

நியாயமான கேள்வி. தடுப்பூசி போட்ட கையில் வலி, ஓரிரு நாள் உடல் சூடு, இரத்தத்தில் அழற்சிப் புரதங்களின் சிறு ஏற்றம் ஆகியவை வருகின்றன, விரைவில் அடங்கியும் விடுகின்றன. உண்மையான இன்ஃப்ளுயன்சா தாயிடம் ஒரு வாரத்துக்கும் மேலாக ஆடும் ஆட்டத்தோடு இதை ஒப்பிட முடியாது. மேலும் ஊசியின் பயனாக உருவாகும் எதிர்ப்பொருள்கள் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. வங்கதேசத்தில் 340 தாய்களிடம் நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கர்ப்பத்தில் இன்ஃப்ளுயன்சா ஊசி போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதங்களில் உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. ஆறு மாதம் நிறையும் வரை குழந்தைக்கு நேராக ஃப்ளூ ஊசி போட இயலாது என்பதால், அந்த இடைவெளியை நிரப்ப வேறு வழியில்லை.

ஆர்.எஸ்.வி.க்கும் இப்போது இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய்க்குப் போடும் ஊசி. அது 2023இல் அமெரிக்காவில் 32 முதல் 36 வாரங்களுக்கு அனுமதி பெற்றது, அதன் பெரிய சோதனையில் பிறந்த 90 நாட்களுக்குள் கடும் நோயை 81.8 சதவீதம் தடுத்தது. மற்றொன்று, குழந்தைக்கு நேராகச் செலுத்தும் நிர்செவிமாப் என்ற தயார்நிலை எதிர்ப்பொருள். உலக சுகாதார நிறுவனம் 2025இல் இரண்டையும் பரிந்துரைத்தது. எது, எப்போது, என்ன விலையில் கிடைக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். மகப்பேறு மருத்துவரிடம் ஏழாம் மாதத்துக்குள் கேட்டுவிடுவது நல்லது.

அழற்சியைக் குறைக்க வலி மாத்திரை சாப்பிடலாமா?

தாமாகச் சாப்பிடக் கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை 20ஆவது வாரத்துக்குப் பிறகு தவிர்க்குமாறு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. கருவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம், கடைசி மாதங்களில் இதயத்தருகே உள்ள ஒரு இரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். குறைந்த அளவு ஆஸ்பிரின் சிலருக்கு எழுதித் தரப்படுவது இரத்தக் கொதிப்புச் சிக்கலைத் தடுக்க. அதை நிறுத்தவும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

கர்ப்பத்தின்போது எனக்கு கோவிட் வந்தது. இப்போது பிள்ளைக்கு அடிக்கடி சளி. என்னால்தானா?

அப்படிச் சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில், நலமான குழந்தைக்கே ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அண்ணனோ அக்காளோ பள்ளிக்குப் போகும் வீடுகளில் இன்னும் கூடும். கர்ப்பத்தில் கோவிட் வந்த தாய்களின் குழந்தைகளிடம், பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தில் சில செல் மாற்றங்கள் காணப்பட்டுள்ளன. அது ஆய்வகத்தில் தெரியும் மாற்றம், நோய் ஆகிவிடாது. சுண்டெலிகளில் பார்த்த விளைவுகள் கடுமையான தொற்றுக்குப் பின், கட்டுப்படுத்திய சூழலில் வந்தவை. குழந்தையின் ஒவ்வொரு தும்மலுக்கும் தாயின் கர்ப்பத்தைக் கிளறும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறது. அறிவியலின் பெயரால் அதற்குப் புதிய துணை தேட வேண்டாம்.

பிறந்த பிறகு செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

சீம்பாலும் தாய்ப்பாலும். அவற்றிலுள்ள ஐஜிஏ எதிர்ப்பொருள்கள் குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் படிந்து காக்கின்றன. தாய்க்குச் சளி பிடித்தாலும் முகக்கவசம் அணிந்து, கை கழுவிப் பாலூட்டலாம். அந்தச் சளிக்கான எதிர்ப்பொருளும் பாலில் வந்து சேரும். பார்க்க வரும் உறவினர்களில் இருமலோடு வருபவர்களைத் தொட்டில் அருகே விடாதிருப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சாதாரணச் சளிக்கும் ஆபத்தான மூச்சிரைப்புக்கும் வீட்டிலேயே எப்படி வேறுபாடு காண்பது?

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் வயிறு எழுந்து தாழ்வதை எண்ணுங்கள். கைக்குழந்தையின் மூச்சு சில நொடி வேகமாகவும் சில நொடி மெதுவாகவும் இருப்பது இயல்பு, எனவே பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறிவிடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குப் பின் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எண்ணும்போதே விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கின் ஓரங்கள் விரிந்து சுருங்குகின்றனவா, முனகல் கேட்கிறதா என்றும் பாருங்கள். குழந்தை இரண்டு வாய் பால் குடித்துவிட்டு மூச்சு வாங்க மார்பை விட்டுவிடுகிறது, உதடு நீலம் பாய்கிறது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, மூச்சு இடையிடையே நின்று வருகிறது, அல்லது இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்றால், அந்த ஒரு நிமிடத்தை எண்ணி முடிக்கக்கூடக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.